கோர்ட்டு வாசல் முனி

போன வாரம் ஒரு நாள் காலையில் பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தால், என் காரை ஒட்டி மூன்று கால் கருவி ஒன்று நிற்கிறது. பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு மலாய்ப் பெண் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆள் சாக்கடை ஓரத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் முளையைச் சுத்தியலால் அடித்து இறக்கினான். “அங்கிள், கெரெத்தாவைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?” என்று மலாயில் கேட்டாள். காரைத் தள்ளிப் போட்டேன். போகும்போது, “இந்த முளையைப் பிடுங்கிடாதீங்க அங்கிள், இதுதான் எல்லை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜார்ஜ் டவுனில் சர்வேயர்கள் வருவது புதிதில்லை. இரண்டு வீட்டை இடித்தால் ஒரு ஓட்டல் வருகிறது, ஓட்டல் வருமுன் சர்வேயர் வருகிறார். ஆனால் நான் கைலியோடு அந்த முளை பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து மனைவி, “என்ன அங்கயே நிக்கிறீங்க, கும்புடப் போறீங்களா?” என்றாள். அவள் கேலிக்குத்தான் கேட்டாள். எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் கும்பிடப்பட்ட எல்லைக் கல் ஒன்றை எனக்கு நேரடியாகத் தெரியும். அது சம்பந்தப்பட்ட வழக்கில் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பேசியவனே நான்தான்.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகத்தான் என் உத்தியோகம் தொடங்கியது. மீசை கறுப்பாக இருந்த காலம். வக்கீலாக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பரீட்சைக்கு அந்த ஆசை இல்லை. கடைசியில் வக்கீலுக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை கிடைத்தது, அதுவும் எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி. தினமும் காலையில் ஃபெரி ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் தெற்கே போக வேண்டும். அந்தப் பழைய ஃபெரியில் கீழ்த்தட்டில் கார்கள், மேல்தட்டில் நாம். எண்ணெய்ப் புகையும் உப்புக் காற்றும் கலந்த ஒரு வாடை இருக்கும். தீவில் பிறந்தவன் என்று பேர், எனக்குப் பாதிக் கடலிலேயே குமட்டும். ஆறு மாதம் கழித்துத்தான் பசியாறிவிட்டு ஃபெரி ஏறும் தைரியம் வந்தது.

சிம்பாங் அம்பாட்டையும் தாண்டிப் போக வேண்டிய ஊர் அது. பெயர் சொல்லவில்லை, அந்த ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள், அடுத்த நாளே போன் வரும். ஒரு பெரிய சாலை, அதற்கு இணையாக ரயில் தண்டவாளம், பின்னால் ஆறு, சுற்றிலும் செம்பனைத் தோட்டம். ஊர் நடுவில் ஒரு புல்திடல். திடலைச் சுற்றி அரசாங்கம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் போலீஸ், அடுத்து லேண்ட் ஆபீஸ், அதற்கடுத்து கிளினிக், எதிரே கோர்ட்டு. பிறப்பு, சண்டை, சொத்து, சாவு எல்லாவற்றையும் திடலை ஒரு சுற்றுச் சுற்றினால் முடித்துவிடலாம். கோர்ட்டு என்றால் பெரிய தூண் எல்லாம் கற்பனை செய்யாதீர்கள். மரக் கட்டடம், ஓட்டுக் கூரை, மழை பெய்தால் சாட்சி சொல்வது யாருக்கும் கேட்காது. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மழை விடும்வரை காத்திருப்பார்.

தோட்டத்திலிருந்து வரும் நம்மாட்கள் கோர்ட்டுப் படியில் சிலிப்பரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். இடைவேளையில் எந்தச் சிலிப்பர் யாருடையது என்று ஒரு தனி வழக்கு நடக்கும்.

மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. சாட்சி சொல்வதை அவர் வாயாகவே சொல்ல வேண்டும். “இவர் திருடினாராம்” என்று சொல்லக் கூடாது. “நான் திருடினேன்” என்றுதான் மலாயில் சொல்ல வேண்டும். அப்படி நான் எத்தனையோ கோழி திருடியிருக்கிறேன், சம்சு சாராயம் குடித்திருக்கிறேன், சைக்கிளோடு சாக்கடையில் விழுந்திருக்கிறேன். ஒருமுறை கர்ப்பமாகக்கூட இருந்தேன். அன்றைக்கு மாஜிஸ்திரேட் அம்மா குனிந்துகொண்டார். அவர் மலாய்க்காரப் பெண், என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர், சிரிக்கக் கூடாத வேலையில் சிரிப்பு சீக்கிரம் வருகிற சுபாவம்.

கோர்ட்டு வாசலில், சாக்கடையை ஒட்டி, ஒரு பெரிய மழைமரம். அதன் நிழலில் அஞ்சலை அக்கா கடை வைத்திருந்தாள். நான்கு கம்பு, மேலே தகரம், இரண்டு பெஞ்சு. தோசை, வடை, நாசி லெமாக், தே தாரேக். திடலைச் சுற்றியிருந்த அரசாங்கம் பத்து மணிக்கு அவள் பெஞ்சில்தான் உட்காரும். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கறாரான ஆள். “தம்பி, ஜூருபஹாசா வேலை பாக்குறீங்க, வடைய மென்னுட்டுப் பேசுங்க, ஒண்ணும் வெளங்கல லா” என்று மொழிபெயர்ப்பாளனான என்னிடமே எல்லார் முன்னாலும் சொல்வாள். என் உச்சரிப்பைத் திருத்தியதில் அவளுக்கும் பங்குண்டு.

அவளுடைய அடுப்புக்கு நாலடி தள்ளி, சாக்கடை ஓரத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அதைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைப்பாள். அவள் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கழுவுவாள், பொட்டு வைப்பாள், அடுப்புக்குத் திரும்பிவிடுவாள். ஆனால் பார்ப்பவர்களுக்கு அது போதாதா? வழக்குக்கு வந்த யாரோ ஒருவர் போகிற போக்கில் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார், அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். அடுத்த மாதம் ஒரு சூலம் முளைத்தது. அப்புறம் எலுமிச்சம்பழம். சீனர்கள் ஊதுபத்தி கொண்டுவந்து செருகினார்கள். பெயரும் வந்துவிட்டது, கோர்ட்டு வாசல் முனி. விடுதலை ஆனால் தேங்காய், அபராதத்தோடு தப்பினால் கற்பூரம். ஜார்ஜ் டவுனிலிருந்து வரும் வக்கீல்கள்கூடக் காரைப் பூட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு நோட்டம் விட்டு, நெற்றியைத் தொட்டுக்கொள்வார்கள். நானும் என் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை வேண்டிக்கொண்டேன். பொய் சொல்வானேன், நிரந்தரமும் ஆனது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கோர்ட்டுக்கு வேலி போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வேலி போட எல்லை தெரிய வேண்டும். எல்லை தெரிய எல்லைக் கல் வேண்டும். சர்வேயர் வந்து இரண்டு நாள் நூல் பிடித்து, மூன்று மூலைக் கல்லைப் புதருக்குள்ளிருந்து கண்டுபிடித்துவிட்டார். நான்காவதைக் காணோம். கருவியை வைத்து அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து வந்து, அக்காவிடம் ஒரு தே தாரேக் வாங்கிக் குடித்துக்கொண்டே மஞ்சள் குங்குமத்தோடு நின்ற முனியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவருடைய ஆட்களிடம் மஞ்சளைச் சுரண்டிக் கல்லில் பொறித்த எண்ணைப் பாருங்கள் என்றார். ஒருவன் தமிழன், ஒருவன் சீனன், ஒருவன் மலாய்க்காரன். மூன்று பேரும் ஒரே மாதிரி இரண்டடி பின்னால் போனார்கள்.

அந்தக் கல் எல்லைக் கல் என்றால் அக்காவின் கடை கோர்ட்டு நிலத்துக்குள் வருகிறது. அனுமதியில்லாமல் அரசாங்க நிலத்தில் கடை போட்ட குற்றம். அவளிடம் லைசென்ஸ் இருந்தது, ஆனால் அது சாலையோரக் கடைக்கு. லேண்ட் ஆபீஸ் சம்மன் கொடுத்துவிட்டது. வழக்கை நடத்த வந்த லேண்ட் ஆபீஸ் அதிகாரி யாரென்று நினைக்கிறீர்கள்? தினமும் அவளிடம் இரண்டு தோசை சாப்பிடுகிறவர்தான். சம்மன் கொடுத்த மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அக்கா வழக்கம் போலத் தோசை போட்டாள், சாம்பார் மட்டும் கேட்டால்தான் ஊற்றினாள்.

கடை போனால் மார்க்கெட்டுக்குப் பின்னால் நகராண்மைக் கழகம் கட்டிய உணவங்காடியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். கூரை, குழாய்த் தண்ணீர், மின்விசிறி எல்லாம் உண்டு. யாருக்கும் அது நல்ல இடம்தான். அக்கா கேட்கவே மாட்டேன் என்றாள். “நான் இங்கேருந்து போக மாட்டேன் தம்பி” என்றாள். ஏன் என்று கேட்டேன். “போக மாட்டேன்னா போக மாட்டேன். வடை வேணுமா, வேணாமா?” என்றாள்.

அவளுக்காக ஒரு யாழ்ப்பாணத்து வக்கீல் காசு வாங்காமல் வாதாட வந்தார். ஜார்ஜ் டவுனில் மூன்று தலைமுறையாக வக்கீல் குடும்பம். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, ஆனால் அக்காவின் வடை என்றால் எண்ணெய் சொட்டச் சொட்டச் சாப்பிடுவார். அவர் அக்காவை மரத்தடியில் நிறுத்தி, “அம்மா, நீங்கள் வாயே திறக்க வேண்டாம். அந்தக் கல்லுத்தான் எல்லைக் கல்லு எண்டு அவையள் நிரூபிக்க ஏலாது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுறன்” என்றார். அக்கா தலையாட்டினாள். நானும் நிம்மதியாகத் தலையாட்டினேன், என்னிடம் யாரும் சொல்லாவிட்டாலும்.

வழக்கு நாளன்று கோர்ட்டு நிரம்பிவிட்டது. பாதிப் பேர் அக்காவுக்காக, மீதிப் பேர் முனிக்காக. வெளியே சூலத்தில் எலுமிச்சை மாலையே போட்டிருந்தார்கள். படியில் சிலிப்பர் குவியல்.

சர்வேயர் நேர்மையான மனிதர். கல்லின் எண் மஞ்சளுக்கடியில் இருக்கலாம், தான் பார்க்கவில்லை என்றார். வரைபடப்படி கல் அங்கேதான் வர வேண்டும், ஆனால் இடையில் யாராவது பிடுங்கி நட்டிருந்தால் தனக்குத் தெரியாது என்றார். நம் வக்கீலுக்கு இதுதான் வேண்டியிருந்தது. அவர் எழுந்து மலாயில் நிதானமாகக் கேட்டார். அந்தக் காலத்தில் கல் நட்டது சர்வேயர்களா, கூலியாட்களா? கூலியாட்கள். அவர்களுக்குப் படிப்பு உண்டா? இல்லை. அவசரத்தில் ஒரு கல்லைத் தள்ளியோ கோணலாகவோ நட்டிருக்க வாய்ப்பு உண்டா? சர்வேயர் கொஞ்சம் யோசித்து, உண்டு என்றார். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. லேண்ட் ஆபீஸ் அதிகாரி முகத்தில்கூட ஒரு ஆறுதல் தெரிந்தது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு நடப்பதை எல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியது என் கடமை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். “கூலியாளுங்க அவசரத்துல கல்லைக் கோணலா நட்டிருக்கலாம்னு சொல்றாங்க அக்கா” என்றேன், நல்ல செய்தி சொல்கிற குரலில். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் எண்ணெய் தெறித்தால் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை.

“என்ன சொன்னாங்க?”

மறுபடி சொன்னேன்.

அவள் கையைத் தூக்கினாள். “நான் பேசணும்” என்றாள். வக்கீல் வேகமாக வந்து, “அம்மா, வேண்டாம். கேஸ் வெண்டாச்சு. பேசாமல் இருங்கோ” என்றார். “நீங்க உக்காருங்க ஐயா. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா நான் பேசணும்” என்றாள். மாஜிஸ்திரேட் அம்மா இருவரையும் பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார். அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி, உண்மையே சொல்வேன் என்று உறுதி சொன்னாள். பிறகு சொன்னது இது.

“அது சாமி இல்லீங்க. எல்லைக் கல்லுதான். எங்க வீட்டுக்காரர் நட்டது. பெருமாள்னு பேரு, சர்வேயில கூலி வேலை. கோணலா நட்டாருன்னு சொல்லாதீங்க. அவரு ஒரு கல்லு நட்டா நூல் கட்டி, போத்தல்ல தண்ணி ஊத்தி மட்டம் பாத்து, சுத்தி வந்து பாத்து, அப்புறம்தான் மண்ணு தள்ளுவாரு. வீட்டுல ஒரு படம் மாட்டக்கூட நூல் கட்டுவாரு, எனக்கு எரிச்சலா வரும். அந்தக் கல்லு நட்ட அன்னிக்கு நான்தான் சோறு கொண்டாந்தேன். மத்தியானச் சோத்த சாயங்காலம்தான் சாப்பிட்டாரு. கல்லு அன்னிக்கு நின்ன எடத்துலதான் இன்னிக்கும் நிக்கிது. யாரும் புடுங்கல. நான் பக்கத்துலயே இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

நான் இதை மலாயில் சொல்ல வேண்டும். அவள் வாயாக. மீசை வைத்த, கல்யாணமாகாத ஓர் ஆண்பிள்ளை, நிரம்பிய கோர்ட்டில், “என் கணவர் கோணலாக நடவில்லை. நான்தான் அவருக்குச் சோறு கொண்டுவந்தேன்” என்று சொன்னேன். வேறு நாளாக இருந்தால் பின் பெஞ்சில் சிரிப்பு கேட்டிருக்கும். அன்று கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார், மழை பெய்யாமலேயே.

“உங்கள் கடை கல்லுக்கு உள்பக்கம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்மா.”

“தெரிந்தே ஏன் போட்டீர்கள்?”

“நெழல் அந்தப் பக்கம்தான் விழுந்துச்சு” என்றாள் அக்கா. பிறகு, “அவரு நட்ட மத்த கல்லெல்லாம் காட்டுக்குள்ள, செம்பனைக்குள்ள கெடக்கு. ரோட்டோரமா, நான் போயி உக்காரற மாதிரி இருக்குறது இது ஒண்ணுதான். அவரு செத்த பொறகு இங்க வந்து அடுப்பு வச்சேன்” என்றாள்.

இதற்குமேல் நிரூபிக்க என்ன இருக்கிறது? வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார். குற்றம் உறுதியானது. மாஜிஸ்திரேட் அம்மா தண்டனை எதுவும் கொடுக்காமல் எச்சரித்து விட்டார், ஆனால் கடையை எடுத்தே ஆக வேண்டும். தீர்ப்பை எழுதும்போது அவர் கல்லைப் பற்றி ஒரு வரி சேர்த்தார். கல் சரியான இடத்தில், சரியான முறையில் நடப்பட்டிருப்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது என்று. அதை நான் தமிழில் சொன்னபோது அக்கா ஒரே ஒரு முறை தலையாட்டினாள்.

வெளியே ஜனங்களுக்குக் கோபமான கோபம். “சாமிய கல்லுன்னு சொல்லிட்டாளே, வெளங்குவாளா?” என்று ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறை. வக்கீல் காருக்குப் போகும் வழியில் என்னிடம், “தம்பி, என்ர சர்வீசில வெண்ட கேஸை இப்பிடித் தோத்தது இதுதான் முதல்” என்றார். ஆனால் அவர் குரலில் வருத்தம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. லேண்ட் ஆபீஸ் அதிகாரி அந்த வாரம் முழுக்கப் பசியாற வரவில்லை. கடைசி நாளன்று வந்து தகரத்தைக் கழற்ற ஒரு கை பிடித்தார்.

அக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் போனாள். மின்விசிறிக்கடியில் அதே தோசை, அதே வடை. கூட்டம் குறைந்துவிட்டது, அவ்வளவு தூரம் திடலிலிருந்து யார் நடப்பது? நான் நடந்தேன், தினமும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கையில் ஒரு வாளியோடு அவள் சாலையைக் கடந்து வருவாள். புது வேலிக்கு வெளியே நின்று கல்லைக் கழுவி, பொட்டு வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கோர்ட்டு ஜன்னலிலிருந்து நான் பார்ப்பேன். பிறகு எனக்குத் தீவுக்கே மாற்றல் கிடைத்தது. ஃபெரியும் குமட்டலும் போனது. அக்கா இறந்துபோன செய்தி வேறு யாரோ சொல்லி, மாதங்கள் கழித்துத்தான் எனக்கு வந்தது.

அந்தச் சிவப்பு முளையைப் பார்த்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பாலம் வழியாகப் போனேன். ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிளும் ஆட்களும்தான். ஊருக்குள் போய் இரண்டு தரம் சுற்றினேன், திடலையே காணோம். அங்கே கடை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கோர்ட்டு, நெடுஞ்சாலைப் பக்கம் பெரிய கட்டடத்துக்குப் போய்விட்டதாம். பழைய மரக் கட்டடம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மழைமரம் இல்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் உணவங்காடியும் இல்லை. வேலியில் ஒரு கம்பிகூட மிச்சமில்லை.

முனி மட்டும் இருக்கிறார். நன்றாகவே இருக்கிறார். மேலே கூரை, கீழே டைல்ஸ், சுற்றி ஸ்டீல் கம்பி. கல்லுக்கு வெள்ளியில் கவசம் செய்து, கண்ணும் மீசையும் வைத்திருக்கிறார்கள். பூசாரி சின்ன வயசுக்காரர், வாரநாளில் புக்கிட் தெங்காவில் ஃபேக்டரி ஷிப்ட், சனி ஞாயிறு இங்கே. கோர்ட்டே இல்லாத இடத்தில் இப்போது யார் வருகிறார்கள் என்று கேட்டேன். “கேசுக்காரங்க குறைஞ்சிட்டாங்க ஐயா. பரீட்சை, வேலை, வீட்டு லோன், இதுக்குத்தான் வராங்க” என்றார். நான் உற்றுப் பார்த்தேன். டைல்ஸ் ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் மூலையில் தேங்கியிருந்தது. கல் நேராக நின்றது.

“இது எப்பத்திய கோயில் தம்பி?” என்றேன்.

“ரொம்பப் பழசுங்க. இந்தக் கல்லை யாரும் வைக்கல, நடல. பூமியிலேருந்து தானா வந்தது” என்று சொல்லித் திருநீற்றை நீட்டினார்.

வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். எத்தனையோ வருடம் அடுத்தவர் வாயாகப் பேசிய பழக்கம், வந்தது அக்காவின் வார்த்தைதான்.

“இல்ல தம்பி, எங்க வீட்டுக்காரர் நட்டது. பெருமாள்னு பேரு. கோணலே கெடையாது.”

பூசாரி என் நரைத்த மீசையைப் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார். “உள்ள வந்து உக்காருங்க ஐயா” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.